மூன்றாவது நிரையில் நான் போட்ட ஒன்று

"ரவுண்டா பத்துன்னு வச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் நண்டு வாங்கினேன். மீன்காரம்மா கூறில் பதினொரு நண்டு இருந்தது. "பத்துன்னு வச்சுக்கம்மா, ஒண்ணு சும்மா" என்றார். பதினொன்று என்றால் பதினொன்றுதான், அதை எதற்குப் பத்தாக்குகிறீர்கள் என்று அந்த அம்மாளிடம் சண்டைக்கே போய்விட்டேன். பாவம், அவர் எனக்கு நல்லதுதான் செய்தார். என் கணவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். உனக்கு என்ன பைத்தியமா என்று வழியெல்லாம் கேட்டார். பைத்தியமில்லை. இப்படி ஒரு பத்தினால்தான் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது.

நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நிரந்தரமாகி ஏழு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அதே கல்லூரியில், அதே துறையில், அதே வகுப்புகளுக்கு ஒன்பது வருஷம் 'ஹவர்லி'யாக இருந்தேன். எடுக்கிற மணிக்கு மட்டும் சம்பளம் என்பதால் அந்தப் பெயர். எங்கள் சொந்தப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், அந்த ஹவர்லி மேடத்தைக் கூப்பிடு என்பார்கள். நிரந்தர ஆசிரியர்கள் கையெழுத்துப் போட அட்டை போட்ட பெரிய பதிவேடு, எங்களுக்கு நாற்பது பக்க நோட்டு. அவர்களுக்கு ஜன்னலோர மேசைகள், எங்களுக்குப் பீரோவுக்குப் பின்னால் ஒரு மேசை. வருஷக் கடைசியில் துறைப் புகைப்படம் எடுக்கும்போது அவர்களுக்கு நாற்காலி, நாங்கள் பின்னால் நிற்க வேண்டும். நாற்காலி காலியாகக் கிடந்தாலும் உட்காரக் கூடாது. முதல் வருஷம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். புகைப்படக்காரரே, மேடம் நீங்கள் பின்னாடி என்று எழுப்பிவிட்டார். அவருக்குக்கூட யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.

பீரோவுக்குப் பின்னால் இருந்த அந்த மேசையில் ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் அவள். இரண்டு பேரும் ஒரே ஜூன் மாதம் சேர்ந்தோம். அவள் குருசுக்குப்பம், கத்தோலிக்கக் குடும்பம். அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். சொல்தா வீட்டுப் பெண், பிரான்சிலிருந்து பென்ஷன் கொட்டுகிறது, இவளுக்கெல்லாம் எதற்கு வேலை என்று மற்றவர்கள் அவள் காதுபடவே பேசுவார்கள். பென்ஷன் தாத்தாவோடு போய்விட்டது. வீட்டில் மிச்சமிருந்தது சுவரில் ஒரு தொப்பியும், எதற்கெடுத்தாலும் பிரெஞ்சில் 'மெர்சி' என்று நன்றி சொல்கிற பழக்கமும்தான். அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், கல்யாணமாகி முதலியார்பேட்டைக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டிலும் ஒன்றும் பொங்கி வழியவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பாடம் விழும். முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு மேட்ரிக்ஸ். குறுக்கே மூன்று நிரை, மேலிருந்து கீழே மூன்று நிரல் என்று ஒன்பது எண்களை அடுக்கி வைத்தால் ஒரு மேட்ரிக்ஸ். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அணி என்று இருக்கும். அதற்கு நேர்மாறு, அதாவது இன்வர்ஸ், கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இடப்பக்கம் அந்த மேட்ரிக்ஸ், வலப்பக்கம் அலகு அணி. மூலைவிட்டத்தில் மூன்று ஒன்று, மற்ற இடமெல்லாம் பூஜ்ஜியம், அதுதான் அலகு அணி. பிறகு ஒரு நிரையை இன்னொரு நிரையிலிருந்து கழிக்கலாம், ஒரு எண்ணால் பெருக்கலாம், இடம் மாற்றலாம். ஒரே ஒரு சட்டம்: கோட்டுக்கு இந்தப் பக்கம் செய்வதை அந்தப் பக்கமும் செய்ய வேண்டும். இப்படியே செய்து இடப்பக்கத்தை அலகு அணியாக மாற்றிவிட்டால் வலப்பக்கம் வந்து நிற்பதுதான் விடை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். ஆனால் ஒரு இடத்தில் தப்பினால் கடைசிவரைக்கும் தப்பு.

எல்லா மேட்ரிக்ஸுக்கும் இன்வர்ஸ் கிடையாது. மூன்று நிரையும் மூன்று தனிச் செய்தி சொல்ல வேண்டும். ஒரு நிரை மற்ற இரண்டைக் கூட்டிச் சொன்னதாகவே இருந்தால், கழித்துக்கொண்டே போகும்போது இடப்பக்கத்தில் ஒரு நிரை முழுக்கப் பூஜ்ஜியமாகிவிடும். அதை யாராலும் ஒன்றாக்க முடியாது. அங்கேயே நிறுத்தி, இதற்கு இன்வர்ஸ் இல்லை என்று எழுத வேண்டியதுதான்.

இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது. புத்தகத்தில் இல்லாத ஒன்று, வாத்தியார்கள் கணக்குச் செய்கிற விதம். கரும்பலகையில் கண்டபடி ஒன்பது எண்ணை எழுதிவிட்டுப் போட ஆரம்பித்தால் பின்னம் பின்னமாக வந்து மானம் போகும். அதனால் நாங்கள் விடையிலிருந்து பின்னோக்கி வருவோம். அலகு அணியை எடுத்து, நாலைந்து தடவை நிரைகளைக் கூட்டி, கலைத்து, ஒரு மேட்ரிக்ஸ் செய்வோம். அதைத்தான் வகுப்பில் எழுதுவோம். அப்புறம் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போட்டால் விடை அழகாக முழு எண்ணில் வந்து உட்காரும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். வருஷக்கணக்கில் இப்படியே செய்ததில் எங்கள் கைக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. ஒரு நிரை முழுக்கப் பூஜ்ஜியம் வந்தால், இன்வர்ஸ் இல்லை என்று எங்களுக்குத் தோன்றாது. எங்கேயோ கூட்டல் தப்பு என்றுதான் தோன்றும். நாங்களே செய்த கணக்கில்லையா, எப்படி விடை இல்லாமல் போகும்?

கணக்குச் செய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பஸ்ஸில் வரும்போதே டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒன்று செய்துவிடுவாள். ஆனால் அவசரக்காரி, கழித்தல் குறியை விழுங்கிவிடுவாள். அவள் சமைப்பாள், நான் உப்புப் பார்ப்பேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாளைத் தள்ளுவாள், நான் சரிபார்த்துப் பச்சை மையில் டிக் போட்டுத் திருப்பித் தள்ளுவேன். என் டிக் இல்லாமல் ஒரு கணக்கையும் அவள் வகுப்புக்கு எடுத்துப் போனதில்லை. ஒன்பது வருஷம் இதுதான் நடந்தது. எத்தனை டிக் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்பதாவது வருஷம் துறையில் ஒருவர் ஓய்வு பெற்றார். ஒரு நிரந்தர இடம் காலியானது. விண்ணப்பம் போட்டவர்களை வடிகட்டி வடிகட்டி, கடைசியில் நின்றது நாங்கள் இருவர்தான். ஒரு இடம், இரண்டு பேர். எனக்கு வயது வரம்பு முடிய எட்டு மாதம் இருந்தது, அவளுக்கு ஒரு வருஷம். இரண்டு பேருக்கும் இதுதான் கடைசி என்று இரண்டு பேருக்கும் தெரியும். யாருக்குக் கிடைத்தாலும் வருத்தப்படக் கூடாது என்று கேன்டீனில் சமோசாவைப் பிய்த்துக்கொண்டே பேசி முடித்தோம். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

நேர்காணலில் கரும்பலகையில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தலைப்பு முன்கூட்டியே வந்தது: நிரைகளைச் சுருக்கி இன்வர்ஸ் காண்பது. அவள் இரண்டு கணக்குச் செய்தாள். இரண்டில் அழகானதை என் பக்கம் தள்ளினாள், இதை நீ எடுத்துக்கொள், உனக்கு மேடையேறினாலே கை நடுங்கும், இதில் கணக்கே இல்லை, தானாக ஓடும் என்றாள். முதல் நிரை 1, 2, 3. இரண்டாவது 2, 5, 7. மூன்றாவது 3, 7, 11. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கணக்கு. நாலு படியில் முடிந்துவிடும். விடையின் கடைசி நிரை –1, –1, 1. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லுகிற அளவுக்கு மனப்பாடம் பண்ணினேன்.

அன்றைக்கு அறையில் மூன்று பேர் இருந்தார்கள். முதல்வர், அவர் காமர்ஸ்காரர். நிர்வாகத்திலிருந்து ஒருவர், அவர் குனிந்த தலை நிமிராமல் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் வெளியிலிருந்து வந்த நிபுணர், ஓய்வு பெற்ற கணக்குப் பேராசிரியர். அவர் சொல்வதுதான் முடிவு. எங்கள் துறைத்தலைவர் வேறு ஊரில் தேர்வு வேலையாகப் போயிருந்தார். கணக்குத் தெரிந்தவர் என்று அந்த அறையில் இருந்தது நிபுணர் ஒருவர்தான். அவர் முந்திரிப்பருப்பைக் கொறித்துக்கொண்டு, நான் பலகையில் எழுதி முடிக்கும்வரை பேசாமல் இருந்தார்.

எழுதி முடித்ததும் வாயைத் திறந்தார். "இந்தப் பதினொன்ன எடுத்துடும்மா. ரவுண்டா பத்து வச்சுக்க. கணக்குப் போட லேசா இருக்கும்."

நான் அழித்துவிட்டுப் பத்து போட்டேன். அவர் அந்தப் பத்தை வைத்து எதையும் போட்டுப் பார்க்கவில்லை. என்னை மடக்க நினைக்கவும் இல்லை. மனப்பாடம் பண்ணி வந்திருப்பாள், ஒரு எண்ணை மாற்றுவோம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவ்வளவுதான்.

இரண்டாவது நிரையிலிருந்து முதல் நிரையை இரண்டு மடங்கு கழித்தேன். 0, 1, 1. மூன்றாவதிலிருந்து மூன்று மடங்கு கழித்தேன். 0, 1, 1. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தேன். 0, 0, 0. கோட்டுக்கு வலப்பக்கம் –1, –1, 1, நான் மனப்பாடம் பண்ணியது அப்படியே. இடப்பக்கம் மட்டும் கடைசியில் ஒன்று வர வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம். கூட்டலில் தப்பு பண்ணிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மன்னிக்கணும் சார் என்று சொல்லி, அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். மறுபடியும் அதே இடத்தில் அதே பூஜ்ஜியம். நிர்வாகத்துக்காரர் முதல் தடவையாகச் செல்போனிலிருந்து நிமிர்ந்தார். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் கணக்கை மேலேயிருந்து ஒரு தடவை பார்த்தேன். ஒன்றும் இரண்டும் மூன்று. இரண்டும் ஐந்தும் ஏழு. மூன்றும் ஏழும் பத்து. மூன்றாவது நிரை முதல் இரண்டின் கூட்டல். பத்தாக்கியதும் அப்படி ஆகிவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. சார், இதற்கு இன்வர்ஸ் கிடையாது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் என்ன கொழுக்கட்டையா? கொழுக்கட்டை இல்லை, பயம். முதல்வர் முன்னால், நிர்வாகத்துக்காரர் முன்னால், நீங்கள் யோசிக்காமல் எண்ணை மாற்றிக் கணக்கைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அவரிடம் சொன்னால் அவர் என்னைச் சும்மா விடுவாரா? ஒன்பது வருஷமாகப் பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்தவளுக்கு அந்தக் கணக்குதான் முதலில் ஓடியது. துணியை எடுத்தேன். மூன்றாவது நிரையில் இருந்த மூன்றாவது பூஜ்ஜியத்தை அழித்தேன். அங்கே ஒன்று போட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக ஓடியது. அவள் சொன்ன மாதிரியே. நாலு வரியில் விடை வந்து உட்கார்ந்தது, பதினொன்றுக்கு வர வேண்டிய விடை. கோடு போட்டு முடித்தேன். நிபுணர் தலையை ஆட்டினார். முதலில் கொஞ்சம் தடுமாறினாலும் விடாமல் கண்டுபிடித்துவிட்டாய், ஸ்டெப் எல்லாம் நீட்டாக இருக்கிறது, குட் என்றார். அதோடு நிற்கவில்லை. கேள்வியை அழிக்காதே, அடுத்து வருகிற பெண்ணுக்கும் இதே கணக்கைக் கொடுத்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்றார். நான் போட்டதை எல்லாம் அழித்தேன். கேள்வியை மட்டும் விட்டுவைத்தேன்.

வெளியே வராந்தா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். நீலக் காட்டன் புடவை, கையில் சாக்பீஸ் டப்பா. எப்படி இருந்தது என்று கேட்டாள். ஈஸிதான் என்றேன். அவளைக் கூப்பிட ஒரு நிமிஷமாவது ஆனது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் சொல்லியிருக்கலாம். உன் கணக்கைப் பத்தாக்கிவிட்டார்கள், அதற்கு விடை கிடையாது, நான் தப்பாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் அவள் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துவிட்டேன். ஆல் தி பெஸ்ட் என்றேன். நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. சாக்பீஸ் சத்தம் கொஞ்ச நேரம்தான். பிறகு அவளுடைய குரல்.

"சார், இதுக்கு இன்வர்ஸ் கெடையாது சார். மூணாவது ரோ ஸீரோ ஆயிடுது."

"முன்னாடி வந்தவங்க இதே கணக்கப் போட்டுட்டுப் போயிட்டாங்களேம்மா."

"அவங்க பதினொன்னு வச்சுப் போட்டிருப்பாங்க சார்."

"பத்துதான். நான்தான் மாத்தச் சொன்னேன். என் கண்ணு முன்னாடிதான் போட்டாங்க."

எனக்கு அரை நிமிஷம் இருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு எனக்கு நாலடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய், சார் அவள் சொல்வதுதான் சரி என்று சொல்ல எனக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தது. என் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இதை எழுத உட்கார்ந்ததற்கே அர்த்தமில்லை. அவள் விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"அப்ப நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன் சார்" என்றாள் அவள்.

இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். போட்டாள். மறுபடியும் பூஜ்ஜியம்தான் வரும், வேறென்ன வரும்? நேரம் முடிந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தவள் உள்ளங்கைச் சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஸீரோ வந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். உனக்கு எப்படி வந்தது என்று அவள் கேட்பாள், என்ன சொல்லலாம் என்று நான் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. அவளை பஸ் ஏற்றிவிட்டு நான் முதலியார்பேட்டைக்கு டெம்போவில் வந்தேன்.

மூன்றாவது வாரம் எனக்கு உத்தரவு வந்தது. துறையில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தேன். அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள், ஒன்று வீட்டில் அம்மாவுக்கு என்றாள். என் மேசை ஜன்னலோரம் போனது. அந்த வருஷப் புகைப்படத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு நேர் பின்னால் அவள் நின்றாள். படத்தில் அவள் கை என் நாற்காலி முதுகின்மேல் இருக்கிறது. அடுத்த ஜூனில், நிரந்தர ஆசிரியர் வந்துவிட்டதால் ஹவர்லி தேவையில்லை என்று அவளை நிறுத்திவிட்டார்கள். அந்த நிரந்தர ஆசிரியர் நான்தான். அவளுடைய வகுப்புகளை என் அட்டவணையில் சேர்த்துக்கொடுத்தார்கள். பீரோவுக்குப் பின்னாலிருந்த மேசையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. வருஷா வருஷம் மேட்ரிக்ஸ் பாடத்தில் முதல் கணக்காக அந்தப் பத்து வைத்த கணக்கையே எழுதுவேன். பூஜ்ஜியம் வரும். மேடம், நீங்கள் எங்கேயோ தப்பு பண்ணிட்டீங்க என்று மொத்த வகுப்பும் சிரிக்கும். தப்பில்லை, இதற்கு விடை இல்லை, விடை இல்லை என்பதை விடையாக எழுதத் தைரியம் வேண்டும் என்று பெரிய ஞானி மாதிரி பிரசங்கம் பண்ணுவேன். பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளும். வெட்கங்கெட்ட பிழைப்பு.

என் கணவரிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். கேட்டுவிட்டு, இருக்கிறதை இருக்கு என்று சொல்ல உனக்கு என்ன பயம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். சரி, இப்போது போய்ச் சொல் என்றார். அவரோடு பத்து நாள் பேசவில்லை.

இந்த வருஷம் துறையில் மறுபடியும் ஆள் பற்றாக்குறை. ஹவர்லிக்கு ஒருவரைப் பார்க்க வேண்டும், உனக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று துறைத்தலைவர் என்னிடம் கேட்டார். அவள் பெயரைச் சொன்னேன். சொன்னபோது எனக்குப் பெரிய நல்ல காரியம் செய்கிற நினைப்பு. பார்த்து மூன்று வருஷமாகியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை குருசுக்குப்பத்துக்குப் போனேன். வீட்டு முன்னறையில் பெஞ்சும் கரும்பலகையுமாகப் போட்டு டியூஷன் வைத்திருக்கிறாள். பிள்ளைகள் பதினொரு மணிக்குத்தான் வருவார்கள் என்றாள். காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. பலகையில் பாதி அழித்த மேட்ரிக்ஸ் ஒன்று இருந்தது, சுவரில் அந்தத் தொப்பி அப்படியே இருந்தது.

ஹவர்லி இடம் இருக்கிறது என்று சொன்னேன். காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அந்தக் காலத்தில் தாளைத் தள்ளுவது மாதிரியே. அன்றைக்குப் பத்து வைத்துத்தான் போட்டேன், எனக்கும் பூஜ்ஜியம்தான் வந்தது, அழித்துவிட்டு ஒன்று போட்டேன், நீ உள்ளே பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது என்று மளமளவென்று சொல்லி முடித்தேன். அழுவாள், திட்டுவாள், எழுந்து போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை.

"தெரியுமே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"ரூம்ல தெரியலடி. நீ போட்டுட்டன்னு அவரு சொன்னதும் என் கணக்கு மேலதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. ஒம்போது வருஷம் நீ டிக் போட்டாத்தானே எனக்கு சரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன்டி சொல்லல? மறுநாளே போய்ச் சொல்லியிருந்தா வேல உனக்குத்தானே வந்திருக்கும்?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ சொல்லுவன்னு இருந்தேன்" என்றாள். குரல் ஏறவே இல்லை. "ஆர்டர் வர பதினாறு நாளாச்சு. பதினாறு நாளும் உன் எதிர்லதான உக்காந்திருந்தேன்."

எனக்கு அந்தப் பதினாறு நாளும் ஞாபகம் வந்தது. தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, ஏதாவது சொல்ல வருகிறேனா என்பது மாதிரி என்னைப் பார்ப்பாள். ஆர்டரைப் பற்றித்தான் கவலைப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த நாட்களிலும் அவள் கணக்குத் தாளைத் தள்ளினாள். நானும் பச்சை மையில் டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஹவர்லிக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள் என்றாள். இந்த வீட்டில் நான் சொல்வதுதான் நேரம், நான் உட்காருவதுதான் நாற்காலி என்றாள். எழுந்து, பலகையில் பாதி இருந்த மேட்ரிக்ஸை முழுவதும் அழித்தாள். பிள்ளைகள் வருகிற நேரம் ஆகிறது என்று எனக்குப் புரிந்தது. நானும் எழுந்தேன்.

"காப்பி ஆறுது பாரு" என்றாள், திரும்பாமலே. "குடிச்சிட்டுப் போ."

குடித்துவிட்டுத்தான் வந்தேன்.